‘வேண்டும்’ போய் ‘லாம்’ வந்ததை யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தால் மறுநாள் நாளிதழ்களில் என்ன படிக்கிறோம்? எந்தக் கட்சி வெளிநடப்புச் செய்தது, அமைச்சர் என்ன பதில் சொன்னார், அவை எத்தனை மணிக்கு ஒத்திவைக்கப்பட்டது. மசோதாவில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் வருவதில்லை. வந்தாலும் அமைச்சகம் கொடுத்த குறிப்பின் தமிழாக்கம் நாலு வரி. தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் காட்டுமாட்டுக்கும் மண்சரிவுக்கும் கேரட் விலைக்கும் இடம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதே பக்கத்தில், புதிதாக வரும் ஒவ்வொரு மத்திய மசோதாவும் இந்த மலையில் யாரை, எந்த வரியால் தொடுகிறது என்று நல்ல தமிழில் அரைப்பக்கம் போட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். எப்படிப் போட வேண்டும், எங்கே தவறு நேரும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15ஆவது பிரிவு, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் தேவையான வீட்டு வசதியைச் செய்து கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்றது. அந்தச் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கி வந்ததுதான் 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு. அதன் 92ஆவது பிரிவிலும் வீடு இருக்கிறது. குடிநீர், சமையலறை, கழிப்பறை என்று பழைய சட்டத்தைவிட விரிவாகவே பெயர் சொல்லியிருக்கிறது. ஆனால் வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இந்த வசதிகளைச் செய்து தர முதலாளியைக் கட்டாயப்படுத்தும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்று தொடங்குகிறது. முன்பு ‘கடமை’ சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. இப்போது அது மாநில அரசின் விதிக்குக் காத்திருக்கிறது.

பந்தலூரில் ஆடி மாத மழையில் லயன் வீட்டுத் தகரம் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சங்கத்துக்காரர் மனு எழுத உட்காருகிறார். முன்பு 15ஆவது பிரிவைக் காட்டினால் போதும். இனி 92ஐ மட்டும் காட்டினால், ‘எந்த விதியின் கீழ்?’ என்ற கேள்வி வரும். பழைய சட்டத்திலும் வீட்டின் தரத்துக்கும் அளவுக்கும் விதிகள் தேவைப்பட்டன, உண்மைதான். ஆனால் வீடு தர வேண்டும் என்ற அடிப்படைக் கடமைக்கு விதி தேவைப்படவில்லை. புதிய சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தபோது, மாறும் காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. அந்தக் காலம் முடிந்தபின் எல்லாம் தமிழக அரசு வகுக்கும் விதியில்தான் நிற்கும். ‘வீடு, மருத்துவம், பள்ளி வசதிகள் புதிய சட்டத்திலும் தொடர்கின்றன’ என்று ஒரு வரி எழுதினால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் படிப்பவர் ஏமாந்துபோவார். எளிமையாக எழுதுவதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான்.

அந்தப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் மசோதா 2020 செப்டம்பர் 19இல் மக்களவையில் அறிமுகமாகி, 22இல் அங்கும் 23இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. ஐந்தே நாள். அதற்கு முந்தைய வடிவம் 2019 ஜூலையிலேயே அவைக்கு வந்து, மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போய், பல மாதம் அங்கே இருந்தது. கருத்துச் சொல்ல நேரம் இருந்த காலம் அதுதான். அப்போது தமிழில் விளக்கம் வந்திருந்தால் ‘லாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று மாற்றும்படி இந்த மலையிலிருந்து ஆயிரம் மனு போயிருக்கும்.

மசோதாவைப் படிக்கும் முறைக்கு வருவோம். முதல் பக்கத்திலிருந்து படித்தால் பாதியில் தூக்கம் வரும். பின்பக்கத்திலிருந்து படிப்பது நல்லது. கூறுகள், அதாவது மசோதாவின் எண்ணிட்ட பத்திகள், முடிந்ததும் ‘நோக்கங்களும் காரணங்களும்’ என்ற அறிக்கை இருக்கும். நிருபர்கள் பெரும்பாலும் இதைத்தான் மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். அது அரசு தன் எண்ணத்தைச் சொல்லும் இடம். சட்டத்தின் பகுதி அல்ல. அதை ஒருமுறை படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அடுத்து நிதிக் குறிப்பு. செலவு யார் தலையில் என்று அதில் தெரியும். அதற்கடுத்து வருவது ‘அளிக்கப்பட்ட சட்டமியற்றும் அதிகாரம்’ பற்றிய குறிப்பு. இதை வரிவரியாகப் படிக்க வேண்டும். எதையெல்லாம் நாடாளுமன்றம் தானே முடிவு செய்யாமல் பின்னால் வரும் விதிகளுக்கு விட்டுவிட்டது என்ற பட்டியல் இதில் இருக்கிறது. இந்தப் பட்டியல் நீளமாக இருந்தால், உண்மையான சட்டம் இனிமேல்தான் எழுதப்படும் என்று பொருள்.

திருத்த மசோதா என்றால் வேலை வேறு மாதிரி. ‘முதன்மைச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்களை வைக்க’ என்று துண்டுதுண்டாக இருக்கும். தனியாகப் படித்தால் ஒன்றும் விளங்காது. கடைசியில் இணைப்பாகப் பழைய பிரிவுகளைக் கொடுத்திருப்பார்கள். ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்து, இடப்பக்கம் பழைய வாசகம், நடுவில் மாற்றம் சேர்த்த புதிய வாசகம், வலப்பக்கம் ‘யாருக்கு என்ன’ என்று எழுதினால் முக்கால்வாசி விளங்கிவிடும். அந்த மூன்றாம் பத்தியில் பொத்தாம் பொதுவாக ‘விவசாயிகள்’ என்று எழுதினால் பயனில்லை. அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரா, குத்தகைக்குக் கேரட் போடுபவரா, காப்புக்காட்டை ஒட்டிய பட்டாதாரரா என்று ஆளைக் காட்ட வேண்டும்.

இந்த மூன்றாம் பத்தி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டமே சான்று. மசோதா அவையில் இருந்த நாட்களில் தமிழில் வந்த செய்திகள் பெரும்பாலும் பேசியது, பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்பு சார்ந்த சாலை போன்ற திட்டங்களுக்கு விலக்கு என்பதைப் பற்றி. அது பெரிய விஷயம்தான். ஆனால் நீலகிரிக்கும் பழனி மலைக்கும் அதனால் நேரடியாக ஒன்றுமில்லை. நமக்கு உரியது புதிதாகச் சேர்த்த 1அ பிரிவு. எந்த நிலத்துக்குச் சட்டம் பொருந்தும் என்பதை அது வரையறுக்கிறது: 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின் கீழோ வேறு சட்டத்தின் கீழோ காடு என்று அறிவிக்கப்பட்ட நிலம்; அப்படி அறிவிக்கப்படாவிட்டாலும் 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பிறகோ அரசுப் பதிவேட்டில் காடு என்று பதிவான நிலம். 1996 டிசம்பர் 12க்குள் அரசு உத்தரவுப்படி வேறு பயன்பாட்டுக்கு மாறிவிட்ட நிலத்துக்குச் சட்டம் பொருந்தாது.

அந்த 1996 டிசம்பர் 12 எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் கூடலூரிலிருந்து. நிலம்பூர் கோவிலகம் என்ற பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாட் கூடலூர்ப் பகுதிக் காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பதிவேட்டில் என்ன பெயர் இருந்தாலும், யார் உடைமையாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்று அந்த 1996 டிசம்பர் 12ஆம் தேதி இடைக்கால ஆணை வந்தது. நாடு முழுவதற்குமான ஆணைக்கு விதை போட்ட ஊர் இது. 2023 திருத்தம் அந்த அகராதிப் பொருளிலிருந்து பதிவேட்டுக்குத் திரும்புகிறது. கூடலூரில் 1969ஆம் ஆண்டின் ஜென்மம் (பழைய பரம்பரை நிலவுடைமை முறை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் சிக்கிக் கிடக்கும் நிலமும், பட்டா எல்லைக்குள் எஞ்சி நிற்கும் சோலைத் துண்டும் பதிவேட்டில் என்ன பெயரில் இருக்கின்றன என்பதே இங்கே கேள்வி. குடியிருப்போருக்கும் காட்டைக் காக்க நினைப்போருக்கும் அந்தக் கேள்வி ஒன்றுதான். விரும்பும் பதில்தான் வேறு. 2024 பிப்ரவரி 19இல் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் பதிவேடுகளைத் தொகுத்து முடிக்கும்வரை 1996 ஆணையின் அகராதிப் பொருளையே பின்பற்றச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. இவ்வளவையும் கூடலூர்க்காரருக்குச் சொல்லாமல் எல்லைப்புறச் சாலையை மட்டும் சொன்னது எப்படி விளக்கமாகும்?

திருத்தப்பட்ட 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரே இப்போது இந்தியில் ‘வன் (சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன்) அதிநியம், 1980’ என்று மாறியிருக்கிறது. புதுப் பெயரோடு பழைய பெயரையும் எப்போதும் சேர்த்தே அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் கொண்டுவரும் மசோதாவில் முதலில் பார்க்க வேண்டியது ‘நீக்கறவும் காப்பும்’ என்ற கடைசிக் கூறு; பழைய சட்டத்தை நீக்கி, அதன் கீழ் வந்தவற்றில் எவை தொடரும் என்று சொல்வது அது. 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிதாகத் தேயிலை மேம்பாட்டு மசோதா கொண்டுவர வணிக அமைச்சகம் 2022 ஜனவரியில் வரைவை வெளியிட்டது. கருத்துச் சொல்லும் நாள் பின்னர் பிப்ரவரி 9வரை நீட்டிக்கப்பட்டது. கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் பசுந்தேயிலை பறித்து விற்கும் சிறு விவசாயிக்கு அந்த வரைவில் ஒரே கேள்விதான்: பசுந்தேயிலைக்கு நியாயமான விலைப் பங்கீடு சொல்லும் 30ஆவது பத்தியைக் கொண்ட 2003ஆம் ஆண்டின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறதே, அது என்ன ஆகும்? அந்த ஆணை 1953 சட்டத்தின் கிளை. மரத்தை வெட்டினால் கிளை நிற்குமா? பொது விதிக்கூறுகள் சட்டம், 1897இன் 24ஆவது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. நீக்கிய சட்டத்தின் கீழ் வந்த ஆணைகள், புதிய சட்டத்துக்கு முரணாகாத அளவில், வேறு ஆணை வரும்வரை தொடரும். புதிய மசோதாவின் காப்புக் கூறு வேறு மாதிரி சொன்னால் அதுதான் செல்லும். ஆகவே அந்தக் கூறை வரி மாறாமல் தமிழில் போட வேண்டும். அதில் சுருக்கம் கூடாது.

2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் விதை மசோதாவின் வரைவை வெளியிட்டு டிசம்பர் 11வரை கருத்துக் கேட்டது. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்துக்குப் பதிலாக வருவது. விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், பரிமாறலாம், விற்கலாம், பிராண்டு பெயரில் மட்டும் விற்கக் கூடாது என்கிறது வரைவு. கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையிலும் மன்னவனூரிலும், மலைப்பூண்டு விதை கைமாறுவது வழக்கம். கைமாறும்வரை சிக்கல் இல்லை. உழவர் குழு ஒன்று தன் பெயர் அச்சிட்ட சாக்கில் விதைப்பூண்டு விற்றால் அது பிராண்டா? எளிய விளக்கம் இந்தக் கேள்வியைத் தொட வேண்டும். மசோதாவிலேயே பதில் தெளிவாக இல்லை என்றால், அதைத் தெளிவாக்கக் கோருவதே அனுப்ப வேண்டிய கருத்து.

மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகளைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது கைப்பேசியில் கணினி மொழிபெயர்ப்பைப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது பெருகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘பிரிஸ்கிரைப்டு’ என்று வருவதைக் கணினி ‘பரிந்துரைக்கப்பட்ட’ என்று போடும். பரிந்துரை என்றால் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம். சட்டத்தில் அதன் பொருள் ‘விதிகளால் வகுத்துரைக்கப்பட்ட’ என்பது; மீறினால் தண்டனையும் வரலாம். ‘புரொவைடட் தட்’ என்று தொடங்குவது வரம்புரை, அதாவது மேலே சொன்னதற்கு விலக்கு. அதை ‘வழங்கப்பட்டது’ என்று போட்டால் விலக்கே காணாமல் போய்விடும். ‘ரிசர்வ்டு ஃபாரஸ்ட்’ நமக்குக் காப்புக்காடு. ‘ஒதுக்கப்பட்ட காடு’ என்று எழுதினால் யாருக்கோ ஒதுக்கிக் கொடுத்த காடு என்று படிப்பார்கள். வரையறைக் கூறில் ‘என்று பொருள்படும்’ என்றிருந்தால் பட்டியல் அங்கேயே முடிந்தது. ‘உள்ளடக்கும்’ என்றிருந்தால் சொல்லாததும் உள்ளே வரலாம். ‘எது எவ்வாறிருப்பினும்’ என்று ஒரு கூறு தொடங்கினால், அங்கே குறிப்பிடும் சட்டங்களைவிட இதுவே மேல் என்று பொருள். இந்த ஆறேழு சொல்லைச் சரியாகப் பிடித்தாலே பாதிக் குழப்பம் தீரும். மசோதாவில் இருப்பது ‘கூறு’, சட்டமானபின் அதுவே ‘பிரிவு’. நடுவில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் எடுத்தாலும் எண் மாறிவிடும். அதனால் எந்த நிலையில் எடுத்த எண் என்பதையும் குறிக்க வேண்டும்.

நிலையைச் சொல்லாமல் விடுவதால்தான் வதந்தி வளர்கிறது. வரைவு வெளியான அன்றே டீக்கடையில் ‘சட்டம் வந்துடுச்சாம்’ என்கிறார்கள். வரைவு, அறிமுகம், குழு, இரு அவைகளின் நிறைவேற்றம், குடியரசுத் தலைவர் ஒப்புதல், அரசிதழில் நடைமுறைக்கு வரும் தேதி. இதில் எந்தப் படி என்று விளக்கத்தின் முதல் வரியில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். வன மசோதா 2023 ஆகஸ்ட் 4இல் ஒப்புதல் பெற்றது. நடைமுறைக்கு வந்தது டிசம்பர் 1இல்.

கருத்துச் சொல்லும் உரிமை பற்றி. 2014 பிப்ரவரி 5 தேதியிட்ட மத்திய அரசின் சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கைப்படி, வரைவு குறைந்தது 30 நாள் பொதுவில் இருக்க வேண்டும். முக்கியக் கூறுகளை எளிய மொழியில் விளக்கும் குறிப்பும், மக்களின் வாழ்வாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் அடிப்படை உரிமைகளுக்கும் நேரக்கூடிய விளைவு பற்றிய மதிப்பீடும் உடன் இருக்க வேண்டும். ஆனால் அது கொள்கைதான், சட்டமல்ல. தமிழில் தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020இல் வந்தபோது, அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் வெளியிடும்படி தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டு, கருத்துச் சொல்லும் நாளை ஆகஸ்ட் 11வரை நீட்டித்தது. ஒவ்வொரு முறையும் யாராவது நீதிமன்றம் போக முடியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் நாளிதழைக் கேட்கிறோம்.

அமைச்சகத்துக்கு எழுதுவது தமிழில் இருக்கலாம். குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது உறுப்பு சொல்கிறது. நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்புவது வேறு. குழுவின் விளம்பரங்கள் வழக்கமாக இரண்டு படிகளை, ஆங்கிலத்திலோ இந்தியிலோ, பெரும்பாலும் 15 நாளுக்குள் கேட்கின்றன. தமிழில் எழுதி, ஆங்கிலப் படியையும் இணைத்து அனுப்புவதே பாதுகாப்பு. எழுதும்போது முதல் வரியில் கூறு எண். அடுத்து, எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லை வைக்க வேண்டும் என்று சரியான வாசகம். பிறகு காரணம், நாலைந்து வரி. கடைசியில் சான்று: பட்டா நகல், விலை ரசீது, நிலப்படம் எதுவானாலும். ‘இந்த மசோதாவைக் கைவிடுக’ என்று மட்டும் எழுதிய நூறு அட்டைகளைவிட, ‘கூறு இன்னதில் இந்தச் சொல்லை மாற்றுக’ என்ற ஒரு தாளைத் தள்ளிவைப்பது குழுவுக்குக் கடினம். நேரில் சாட்சி சொல்ல விரும்பினால் அதையும் அதிலேயே எழுத வேண்டும். குழுவுக்கு அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடும், அது இரகசியம். அதை உடனே பத்திரிகைக்கும் முகநூலுக்கும் கொடுத்தால் நாடாளுமன்றத்தின் உரிமையை மீறிய குற்றம் ஆகலாம். ஆர்வத்தில் பலர் செய்யும் தவறு இது. விளக்கத்தின் அடியில் ஒரு எச்சரிக்கை வரி இருந்தால் நல்லது.

அரைப்பக்கம் அச்சுக்குப் போகும் முன் ஒரு சோதனை. பசுந்தேயிலை எடை போடும் இடத்தில் காத்திருக்கும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் ‘புரிந்ததா?’ என்று கேட்க வேண்டாம். எல்லோரும் புரிந்தது என்றே சொல்வார்கள். ‘இதன்படி நீங்கள் எதைச் செய்யணும், எந்தத் தேதிக்குள், யாருக்கு எழுதணும்?’ என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் வாக்கியத்தைத் திருத்த வேண்டும், கூறு எண்ணை மட்டும் எடுத்துவிடக் கூடாது. அந்த எண் இல்லாமல் அவர் மனு எழுத முடியாது. மசோதா வந்த முதல் வாரத்துக்குள் இது அச்சாக வேண்டும். 30 நாளில் பத்து நாள் நமக்குச் செய்தி வந்து சேரவே போய்விடுகிறது.

மசோதா சட்டமானபின் வரைவு விதிகள் அரசிதழில் வரும். அவற்றுக்கும் ஆட்சேபம் சொல்ல நாள் குறித்திருப்பார்கள். 92ஆவது பிரிவைப் பொறுத்தவரை மலையில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கூரை அந்த விதிகளில்தான் இருக்கிறது. தமிழக அரசு அவற்றின் வரைவை வெளியிடும்போதெல்லாம், வீட்டு வசதி பற்றிய விதியை முழு வாசகமாக, ஆட்சேபம் அனுப்ப வேண்டிய முகவரியோடும் கடைசித் தேதியோடும் தங்கள் நீலகிரிப் பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர்கள் சிலர்